துறைமுகத்தை மறுபடியும் கட்டலாமா?

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். அறிவுரை என்றால் வேண்டாம், எனக்கே அது ஒத்துக்கொள்ளாது என்றேன். அறிவுரை இல்லை தீதி, பழைய லெவல்களைத் திரும்பச் செய்யலாமா கூடாதா என்று மதியச் சாப்பாட்டில் தினமும் சண்டை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கும் என்றார்கள். சண்டையை அடக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. சாப்பாட்டில் சண்டை போடாதவர்கள் நல்ல கேம் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் நம் ‘தாவு நண்டு’ கேமின் ஆறாவது பாகம் வருவதற்கு முன்னால் இதே சண்டை எங்களுக்குள்ளும் நடந்தது. அதில் நான் என் சொந்தக் கட்சிக்கு எதிராக நின்றேன். அதைச் சொல்கிறேன், மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் கலா. அப்பா ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர், நான் இங்கேயே பிறந்தவள். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் சேர்ந்து வேலை பார்க்கும் இடத்தில் அக்கா என்று கூப்பிட யாருமில்லை, அதனால் எல்லோருக்கும் தீதி. ஓய்வு பெற்று இப்போது வண்டூரில் இருக்கிறேன். ‘தாவு நண்டு’ முதல் கேமில் பாதி லெவல்கள் என்னுடையவை. ஒரு சங்கு நண்டு இடமிருந்து வலமாக ஓடும், தாவும், விழும், செத்து மறுபடி எழும். இதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் சோறு தின்றோம்.

அந்தக் காலத்தில் பட்டன் போன்தான். அபர்தீன் பஜாருக்குப் பின்னால் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் இருந்தோம். எங்கள் முதல் முதலாளி கப்பல் வேலையை விட்டு இறங்கிய மலையாளி. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். எந்த லெவலும் சாத்தமிலிருந்து எதிர்க்கரை பேம்பூஃப்ளாட்டுக்கு ஜீப்பும் பைக்கும் ஆளும் ஏற்றிப் போகும் வண்டி ஃபெர்ரியில் தேறி வர வேண்டும். நமக்கு முன்பின் தெரியாத ஓர் ஆள், நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கைக் கட்டைவிரலால் ஆட வேண்டும். லெவலைச் செய்தவர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. “குர்சி மே பைட்கே சப் ஹீரோ” என்பார். நாற்காலியில் உட்கார்ந்து ஆடினால் எல்லாருமே வீரன்தான் என்று அர்த்தம். ஃபெர்ரியில் நிற்கிறவனுக்குப் பாதி கவனம் பைக் மேல், மீதி கவனம் மீன்பை மேல். அவன் கண்ணை நம் நண்டு இழுக்கிறதா என்பதுதான் பரீட்சை.

என் ‘துறைமுகம்’ அப்படித் தேறிய லெவல்தான். ஹாடோ கப்பல்துறையில் நிற்கும் கிரேன்களைப் பார்த்துச் செய்தது. கிரேனின் கொக்கியைப் பிடித்துத் தொங்கி அடுத்த கப்பலுக்குத் தாவ வேண்டும். கிரேன் படம் பெரியது, அன்றைய போனுக்கு அதைத் தாங்கச் சக்தியில்லை. நண்டு கொக்கியைத் தொடும் இடத்தில் போன் ஒரு நொடி திணறி நிற்கும், பிறகு ஓடும். படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தோம், நடக்கவில்லை. வெளியிட வேண்டிய நேரம் வந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டோம்.

ஜனங்கள் அந்தத் திணறலைப் பிடித்துக்கொண்டார்கள். போன் நிற்கும், மூச்சை இழு, ஓட ஆரம்பித்ததும் அமுக்கு, நண்டு தாவிவிடும். ‘கொக்கி மூச்சு விடுது’ என்று அதற்கு ஒரு பேரும் வைத்தார்கள். மெயின்லேண்டிலும் அதே பேச்சுத்தான். நான் ஒருவரையும் திருத்தவில்லை. எதற்குத் திருத்த வேண்டும், நல்ல பெயர்தானே.

வருஷங்கள் போயின. தொடுதிரை போன் வந்தது, நண்டுக்குக் கலர் வந்தது, ஐந்து கேம் முடிந்தது. ஐந்தாவது சரியாகப் போகவில்லை. அப்போது எங்களை வாங்கியிருந்த சென்னைக் கம்பெனி ஒரு யோசனை சொன்னது. ஆறாவதில் புதிதாக எதுவும் வேண்டாம், பழைய புகழ்பெற்ற லெவல்களையே புதுப் படங்களோடு திரும்பச் செய்யுங்கள், தலைவாசலில் ‘துறைமுகம்’ இருக்கட்டும் என்றது. பழையது, புதியது இரண்டையும் செய்ய ஆள் கிடையாது. இது அல்லது அது.

இங்கேதான் சுபோத் வருகிறான். இன்று உங்கள் தலைவராக இருக்கும் அதே சுபோத். பெரார்கஞ்ச் வங்காளிக் குடும்பம், தினமும் அந்த ஃபெர்ரியிலேயே வேலைக்கு வருவான். தமிழ் எங்களிடம் கற்றது. அவன் ஏற்கெனவே ‘அலையாத்தி’ என்று ஓர் உலகத்தைப் பாதிக்குமேல் செய்து வைத்திருந்தான். அதில் தண்ணீர் ஏறும், இறங்கும். இறங்கினால் சதுப்புமரத்து வேர்கள் வெளியே தெரியும், அதில் தாவலாம். ஏறினால் வேர் மறையும், மிதந்து வரும் கட்டையில் ஏறிப் போகலாம். எப்போது தாவுவது, எப்போது காத்து நிற்பது என்பதுதான் ஆட்டம். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நல்ல பொறாமை என்றெல்லாம் பூசி மெழுகப் போவதில்லை, சாதாரணப் பொறாமைதான்.

சென்னை சொன்னதைக் கேட்டதும் அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ மறுநாளே அலையாத்தியை மூடி வைத்துவிட்டு என் துறைமுகத்தைப் புதிதாக வரைய உட்கார்ந்துவிட்டான்.

“என்னடா இது?” என்று கேட்டேன்.

“தீதி, துறைமுகம் ஆடித்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அதைத் திரும்பக் கட்டுற சான்ஸ் எனக்குக் கிடைச்சா விடுவேனா? என்னோடது பாத் மே பார்க்கலாம்.”

“பாத் மே என்றால் எப்போ?”

“பாத் மே.”

பிறகு என்பது எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். துறைமுகம் முடிந்தால் இரண்டாவது கேமின் சுரங்கம், அது முடிந்தால் மூன்றாவதன் கலங்கரை விளக்கம். அடுத்தவர் வீட்டுக்கு வெள்ளையடித்தே அவனுக்கு நாற்பது வயதாகிவிடும். அதற்குள் அலையாத்தி செய்யும் கை போயிருக்கும். இந்தத் தொழிலில் அப்படிப் போன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சில வாரம் கழித்துப் புதுத் துறைமுகத்தைக் காட்டினான். அழகென்றால் அழகு. சூரியன் தண்ணீரில் உடைகிறது, கிரேனில் துரு இருக்கிறது. நண்டு கொக்கியைத் தொட்டது. கிரேன் முனகியது, மெல்லக் குனிந்தது, ஒரு நொடி எல்லாம் நின்றது, பிறகு ஓடியது.

“இந்த முனகல் எதற்கு?”

“கொக்கி மூச்சு விடணும்ல தீதி. சும்மா நின்னா இப்ப இருக்கிறவங்களுக்குப் புரியாது. அதான் ஹாடோ போய் அசல் கிரேன் சத்தம் ரெக்கார்ட் பண்ணேன். எத்தனை நாள் அலைஞ்சேன் தெரியுமா, முதல்ல கேட்டுக்குள்ளேயே விடமாட்டேன்னுட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன், முடியவில்லை. போன் திணறியதுதான் அது, நாங்கள் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது. அன்று டீக்குக்கூட வரவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது வந்து நின்றான்.

“ஃபோனோட தப்புன்னே வைங்க தீதி. ஆனா எல்லாரும் அதை நம்பித்தான் தாவுறாங்க. இப்ப அது தப்பு இல்ல. எடுத்தா லெவல் செத்துடும்.”

அவன் சொன்னது சரி. இந்தத் தொழிலில் பாதி விஷயங்கள் அப்படித்தான் வந்து சேருகின்றன.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ரகுராம் வந்தார். பணம் போடுகிறவர்களின் ஆள். கெட்டவரில்லை, கேம் ஆடத் தெரிந்தவர், அதுவே பெரிய விஷயம். மதியம் விமானம் ஏறுவதற்குள் ஆறாவது கேம் எது என்று முடிவு சொல்ல வேண்டும் என்றார். அவருக்கு அந்த மூச்சு பிடிக்கவில்லை.

“மேடம், புதுசா ஆடுறவங்க போன் ஹேங் ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க. ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போயிடுவாங்க. அதை எடுத்துடுங்க, மத்தபடி சூப்பர்.”

சுபோத் எடுக்கக் கூடாது என்றான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். லெவல் என்னுடையது, நான் சொன்னால் முடிந்தது. எனக்கும் ஆசை இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் பெயரைச் சொல்லி, என் கிரேனைத் தலைவாசலில் வைத்து, ஊரெல்லாம் ஆடப் போகிறது. வேண்டாம் என்று சொல்ல எந்த முட்டாளுக்கு மனசு வரும்? வாங்க, ஃபெர்ரிக்குப் போவோம் என்றேன்.

சாத்தமில் காலைக் கூட்டம். ஜீப்பும் பைக்கும் ஏறியபின் மனிதர்கள் இடுக்கில் நின்றோம். இரண்டு போன்கள் கொண்டு போயிருந்தோம், ஒன்றில் மூச்சுள்ள துறைமுகம், ஒன்றில் மூச்சில்லாதது. என் பையில் என் சொந்த போன். அதில் அலையாத்தியின் பாதி இருந்தது, முன்பு சுபோத் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது. அதைக் காட்டப் போகிறேன் என்று அப்போது நினைத்திருக்கவில்லை.

முதலில் மின்சாரத் துறைக்காரர் ஒருவர் கிடைத்தார், காக்கிச் சட்டை, நடுவயது, பேச்சில் திருநெல்வேலி. துறைமுகம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. மூச்சுள்ளதைக் கொடுத்தோம்.

“ஏயப்பா, இதுவா? நான் கார் நிக்கோபார்ல டூட்டி பாத்தப்ப இதாம்லா எங்களுக்குப் பொழுதே.”

ஆடினார். கொக்கி மூச்சுவிட்டது, அவரும் மூச்சை இழுத்தார், தாவினார். சுபோத் என்னைப் பெருமையாகப் பார்த்தான். ஆனால் நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போனில் இல்லை. கார் நிக்கோபாரில் தண்ணி எப்படி வரும், எந்த ஆபீசர் எப்படித் திட்டுவார் என்றெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே, கட்டைவிரல் தானாக ஓட, லெவலை முடித்துக் கையில் கொடுத்துவிட்டார். ரொம்ப சந்தோஷம் என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தார். அந்தச் சந்தோஷத்துக்கு என் கிரேன் தேவைப்பட்டது, ஆட்டம் தேவைப்படவில்லை.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணிடம் அதே போனைக் கொடுத்தோம். கொக்கியில் நின்றதும் போனை நீட்டினாள். “ஹேங் ஹோ கயா, ஆன்ட்டி.” ரகுராம் தலையை ஆட்டினார்.

பிறகு மூச்சில்லாதது. அந்தப் பெண் தடங்கலில்லாமல் முடித்துவிட்டு, “பஸ், இத்னா ஹீ?” என்றாள். இவ்வளவுதானா என்று. மின்சாரக்காரர் மூச்சை இழுத்துக் காத்திருந்தார், கொக்கி காத்திருக்கவில்லை, நண்டு தண்ணீரில் விழுந்தது. மறுபடி விழுந்தது. அவர் குரல் மாறிவிட்டது.

“இது அது இல்லம்மா. பேரை மட்டும் வச்சுக்கிட்டு எதையோ கொண்டாந்திருக்கீய.”

திருட்டுப் பொருளைத் திருப்பித் தருவதுபோல் போனைத் தந்தார். மூச்சு இருந்தால் புதியவர்களுக்கு உடைந்த கேம், இல்லாவிட்டால் பழையவர்களுக்கு உடைந்த நினைவு. இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடிப்பதில்தான் உங்கள் மதியச் சண்டை நடக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு அன்று அந்த நடுவழி கிடைக்கவில்லை.

பேம்பூஃப்ளாட் கரை தெரிய ஆரம்பித்திருந்தது. நான் என் போனை எடுத்து அலையாத்தியைத் திறந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. திரையில் அலையாத்தி வந்ததைப் பார்த்ததும் சுபோத் வாயைத் திறந்தான், பழைய சட்டம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். பாதி முடிந்த லெவல், பின்னால் மரங்களுக்கு இலைகூட வரவில்லை.

அவள் தாவினாள், விழுந்தாள். தாவினாள், விழுந்தாள். மின்சாரக்காரர் எட்டிப் பார்த்தார். குடும்மா நான் பாக்கேன் என்று வாங்கி, அவசரப்பட்டு அவரும் விழுந்தார்.

“ருகோ அங்கிள், பானி உதர்னே தோ.” தண்ணீர் இறங்கட்டும், பொறுங்கள் என்கிறாள்.

“எறங்குமா? ஏறுதே.”

“உதரேகா.”

இருவரும் ஒரு சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் இறங்கக் காத்து நின்றார்கள். கார் நிக்கோபார் கதை பாதியில் நின்றுபோயிருந்தது. வேர் தெரிந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்கப் போய்க் கைகள் இடித்துக்கொண்டன. நண்டு ஒரு வேரைத் தாண்டியது. அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். ஃபெர்ரி கரை தட்டி, பலகை இறங்கி, பின்னாலிருந்து ஜீப்காரன் ஹாரன் அடித்தபிறகுதான் இருவரும் நிமிர்ந்தார்கள்.

“இது எப்போ வரும்?” என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன்.

திரும்பும் ஃபெர்ரியில் ரகுராமிடம் என் முடிவைச் சொன்னேன். பழைய துறைமுகத்தைத் தொட வேண்டாம். அந்தப் பட்டன் போன் கேமை அப்படியே, அதே புள்ளிப் படத்தோடு, அதே திணறலோடு ஆறாவதில் ஒரு மூலையில் வையுங்கள். வேண்டுகிறவர்கள் போய் ஆடிக்கொள்ளட்டும். ஆறாவது கேம் அலையாத்தி.

“விளம்பரம் போட்டாச்சு மேடம். ரசிகர்கள் கேட்பாங்க, யார் நிறுத்தினதுன்னு.”

“நான்தான் நிறுத்தினேன்னு சொல்லுங்க. துறைமுகம் என்னுது, திரும்பக் கட்ட நான் சம்மதிக்கலைன்னு போடுங்க.”

அவர் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பேசிச் சம்மதம் வாங்கினார். மனுஷனுக்கு நான் அதற்காக இன்றும் மரியாதை கொடுக்கிறேன்.

சொன்னபடியே போட்டார்கள். வசவு வந்தது பாருங்கள். கர்வம் பிடித்த கிழவி என்றார்கள், எங்கள் பிள்ளைப்பருவத்தை நீ யார் பூட்டி வைக்க என்றார்கள். நான் பெரிய மனதுக்காரி இல்லை. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்தேன். அந்த லெவல் மேல் எனக்கு அவர்களைவிட ஆசை அதிகம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதைவிடக் கஷ்டம் சுபோத். எனக்கு நன்றி சொல்வான் என்று நினைத்தீர்களா? இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தான்.

“அரைகுறையா இருந்ததை என்னைக் கேக்காம காட்டினீங்க தீதி. அது என்னோடது.”

“ஆமாம், உன்னோடது” என்றேன். “அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.”

அவன் தன் இடத்துக்குப் போய் அலையாத்தியைத் திறந்தான்.

அதற்கு முன்பெல்லாம் ஒரு வேர் வரைந்தால் வருவான், ஓர் அலையைக் கூட்டினால் வருவான், “டீக் ஹை கியா தீதி?” என்று நிற்பான். சரியா என்பான், சரி என்று நான் சொன்னால்தான் அவனுக்குத் திருப்தி. அன்றைக்குப் பிறகு அவன் வரவில்லை. முதலில் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். டீக்கு வந்தான், சிரித்தான், வீட்டில் செய்த மீன் கொண்டுவந்து கொடுத்தான். லெவலைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்கவேயில்லை. தண்ணீர் எந்த வேகத்தில் ஏற வேண்டும் என்று ஃபெர்ரியில் போய்த் தானே பார்த்து, தானே மாற்றி, தானே முடித்தான். எனக்கு அது வலித்தது. கேட்டால் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், அவன் பின்னால் போய் நின்று அவன் வேலை செய்வதைப் பார்த்தேன். கடைசி லெவலில் தண்ணீரை ஒரேயடியாக ஏற்றிவிட்டிருந்தான். நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன், பாதியில் நிறுத்தியிருப்பேன். சொல்லலாமா என்று நினைத்தேன். நான் நிற்பது அவனுக்குத் தெரியும், ஆனால் திரும்பவில்லை. சொல்லாமல் என் பையை எடுத்துக்கொண்டு வண்டூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.